பாலம் வரைதான் அனுமதி

அன்புள்ள எனாம்,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அக்ராவில் மழை விட்டதா?

நாங்கள் அமைதிப்படைதான், ஆனாலும் இந்த நாட்டு அரசாங்கம் முத்திரை போட்ட தாள் தராமல் பாலத்தைத் தாண்டக் கூடாது. போன வாரம், முகாம் வாசலில் டீ விற்கும் நியாடாக் ஓடிவந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் தன் ஊர் எரிகிறது என்றாள்.

"இது அவங்க நாடும்மா. கேட்டுட்டுத்தான் போகணும்" என்றார் தளபதி.

"கொளுத்துறவன்கிட்டயேவா கேப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தேடி அவளே பாலம் தாண்டிப் போனாள்.

மூன்றாம் நாள் தாள் வந்தது. போய்ப் பார்த்தோம். கவலைப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

தபால் வண்டி கிளம்புகிறது. நியாடாக்குக்கும் சேர்த்து இரண்டு புட்டி மிளகாய் விழுது கேட்டிருந்தேனே, ஒன்று போதும்.

உன்
செலோர்ம்