அப்பாவைக் காட்டுங்க

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து எல்வின். இயேசுவுக்கே புகழ். அப்பாவின் படுக்கைப்புண் ஆறியதை வீடியோவில் பார்த்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், அப்பா காதில் விழுமே என்று "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை போன் உங்கள் கையிலிருந்து நழுவியபோது, ஒரு நொடி உங்கள் முகம் தெரிந்தது. யாரோ என்று நினைத்துவிட்டேன், அம்மா. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இந்தப் பதினான்கு மாதமாக, வாராவாரம் "அப்பாவைக் காட்டுங்க" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

எனக்கும் மூன்று நாள் காய்ச்சல். சரியாகிவிட்டது, பயப்படாதீர்கள். என்னோடு தங்கியிருக்கும் சகாயநாதன் அண்ணன் கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பே இல்லை. ஆனாலும் ஒருவர் கொண்டுவந்து நீட்டியபோது கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு யார் நீட்டுகிறார்கள்?

மாத முதல் வெள்ளிதோறும் பங்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருகிறார் என்று நீங்கள் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டீர்கள். அவர் வருவது அப்பாவுக்காக. இனி ஞாயிறுதோறும் ஜூலியட் அக்கா நீடாமங்கலத்திலிருந்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், பேசிவிட்டேன். "அவருக்கு என் கைதான் பழக்கம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பூசை முடிந்ததும் ஓடியும் வராதீர்கள்.

லீவில் ஊருக்கு வருகிற சகாயநாதன் அண்ணன்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார். அவர் திரும்பும்போது அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கியதே போதும், நீங்கள் போட வேண்டாம்.

அவருக்கு விமான நிலையம் போக வண்டி வந்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை போனைச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். நான் உங்களைப் பார்க்கத்தான் கூப்பிடுவேன்.

எல்வின்