காற்றில் போன யூரியா

என் செல்விக்கு,

மூக்கைப் பிடித்துக்கொண்டு உன் குப்பைக் குழியைத் தாண்டிப் போனவன், இன்று அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தேயிலை மஞ்சளடித்துவிட்டது. தோட்டத்தில் நம்மை நம்பிப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த, வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற அதே துண்டுதான்.

நீ மக்கிய எருவை முதலில் தூரில் போடுவாய். மழை பெய்து மண் ஊறிய பிறகு யூரியாவைத் தனியாகக் கொஞ்சம் தூவுவாய். "எரு இருந்தாத்தாங்க மண்ணு யூரியாவப் புடிச்சு வைக்கும். இல்லாட்டி மழையோட ஓடிரும்" என்பாய். ஒரு வேலைக்கு ரெண்டு தடவை மலையேறுகிறாளே என்று நான் சிரிப்பேன்.

நீ போன அடுத்த மாதம், எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கலாமென்று குழியிலேயே யூரியா மூட்டையைக் கொட்டினேன். கவாத்து வெட்டிய மலையில் டொலமைட் தூவிப் பழகிய கை சும்மா இருக்குமா? அந்தச் சுண்ணாம்புத் தூளையும் அள்ளிப் போட்டுக் கிளறினேன். மறுநாள் அந்த வாடையில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. உன் சாவில் நான் அழவில்லையென்று லயத்து வீடுகளில் பேச்சு இருந்ததல்லவா? பக்கத்து வீட்டு மாரியாயி ஓடிவந்து, "இப்பவாச்சும் அழுதீங்களே அண்ணே" என்றாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. உரத்துக்கு நல்ல வீரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையே அள்ளிப் போய் எல்லாத் தூருக்கும் போட்டேன்.

போன வாரம் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையா இலையைத் திருப்பிப் பார்த்தார். "டொலமைட்டையும் யூரியாவையும் ஒண்ணா கலந்தியா? சத்தெல்லாம் காத்துல போயிருச்சேப்பா. அடுத்த மாசமும் இப்புடியே கெடந்தா தோட்டத்துத் தொரை இந்தத் துண்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாரு" என்றார்.

இருபது வருடம் டொலமைட் தூவியவன் நான். டொலமைட் ஒரு மாதம், உரம் வேறொரு மாதம் என்று காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது சொல்வார்கள், செய்வேன். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டேனா? நீ யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய், செல்வி?

கடையில் யூரியா இல்லை. புதுக் குப்பை மக்க மாதக்கணக்காகும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நீ மக்கவைத்த எரு ஒரே ஒரு சாக்கு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது தீர்ந்தால் உன் கைபட்டதென்று வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் தொடாமல் வைத்திருந்தேன்.

நாளைக்கு அதைப் பிரித்து, ஓடை ஓரத்து வரிசைக்கு மட்டுமாவது போடுகிறேன். மற்றதைக் காப்பாற்ற என்னால் முடியாது. நீ மக்கவைத்த எருவில் வாடை இருக்காது. நாளைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தால், அது உனக்குத்தான்.

உன் வீட்டுக்காரன்,
ராசு