பக்கத்துக் கட்டில்

அன்புள்ள மகளே,

கல்லூரி விடுதியில் உன்னை விட்டுவந்த பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. குருநகரில் நான் சுகம்.

அன்று அங்கே உன் கட்டில் விரிப்பை நாலு மூலையும் செருகி விரித்தேன். கன்னியர் மடத்தில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். பக்கத்துக் கட்டில் கசங்கிக் கிடந்தது. அதையும் உதறி விரித்தேன். அதற்குரிய பிள்ளை வந்து, "அன்ரி, நாளைக்கும் வருவியளோ?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"காணும் அம்மா, விடுங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ" என்றாய்.

விடுதியைப் பார்க்கும் மேற்றனுக்கு முன்னால் நீ அப்படிக் கதைத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு பெற்றோர் வரும் நாளாம். பூசை முடிந்ததும் பொரித்த மீன் கொண்டுவருவேன். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அறைக்குள் வரமாட்டேன். வாசலில், கேற்றடியில் நிற்பேன்.

மீனை வாங்கிப்போக வேறு யாரையும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா