மாஸ்ரர் இருக்கிற பக்கம்

சில்க்போர்க்
9.2.1986

அன்புள்ள தம்பி அந்தோனிதாசனுக்கு,

ஏரி உறைந்து கிடக்கிறது. என் முழங்கால் அதற்கு முன்பே உறைந்துவிட்டது. மற்றபடி சுகம்.

இங்கே நூலகத்தில் வியாழன்தோறும் யப்பானியப் படம் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் வட்டிக்காரன், வேலை போனவன், கடைசியில் ஒரு கொலை. கீழே ஓடும் டேனிஷை நான் வாசித்து முடிப்பதற்குள் ஆள் செத்துப்போகிறான். ஆனாலும் விளங்குகிறது. உதாரணத்துக்கு, வட்டிக்காரன் சத்தம் போடுவதே இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்து, குனிந்து வணங்கி, அதன் பிறகுதான் கேட்கிறான்.

போன மாதம் என்னை மனோரஞ்சிதம் வீட்டுக்குக் கூட்டிப்போனதற்கு நன்றி. ஊரில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. புருஷனை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க நீர் காசு கொடுத்து உதவியதாகச் சொன்னா. நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது ஏன் கண் கலங்கினா என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
சபாரத்தினம் மாஸ்ரர்


ஹோர்சன்ஸ்
16.2.1986

மதிப்புக்குரிய மாஸ்ரர்,

யப்பான்காரன் கொலையில முடிக்கிறான். எங்கட சனம் கதையோட முடிச்சிடும், பயப்படாதேங்கோ.

நீங்கள் போனபிறகு அவ காப்பு ரெண்டையும் கழற்றித் தந்தவ. நான் வாய்திறந்து கேட்கேல்லை. "மாஸ்ரரையே கூட்டிவந்திட்டியள், இனி நான் என்ன சொல்ல" எண்டா. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி, அந்த வட்டிக்கே காப்பு காணாது. ஏஜென்சிக்காரன் ஏமாத்தினதுக்கு நான் என்ன செய்ய? புருஷன் இன்னும் கொழும்பிலதான். இனித் தாலிக்கொடிதான் மிச்சம்.

வாற ஞாயிறு ரெண்டு மணிக்குப் போவம். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும். பஸ் காசு நான் தாறன்.

இப்படிக்கு,
அந்தோனிதாசன்


சில்க்போர்க்
21.2.1986

தம்பி அந்தோனிதாசனுக்கு,

நேற்றைய படத்தில் வட்டிக்காரன் போகிற வீடெல்லாம் ஒரு பெரியவரைக் கூட்டிப்போகிறான். ஊரே மதிக்கிற ஆள். அவர் வாய் திறப்பதில்லை, தேத்தண்ணி மட்டும் குடிக்கிறார். அவரைக் கண்டதும் வீட்டுக்காரர் உள்ளே போய், இருப்பதை எடுத்துவந்து முன்னால் வைக்கிறார்கள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த டேனிஷ்காரி என்னிடம் குனிந்து, அந்த ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டா.

"எனக்குத் தெரிந்தவரை தேத்தண்ணி மட்டும்தான்" என்றேன்.

ஞாயிறு வருகிறேன். காலை பஸ்ஸிலேயே மனோரஞ்சிதம் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆகவே நீர் மணி அடிக்கும்போது கதவு திறப்பது நானாக இருக்கும். காப்பு இரண்டையும் கொண்டுவாரும். முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று ஆறுதலாகக் கணக்குப் பார்ப்போம். இந்தமுறை நான் கதைப்பேன்.

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வாரும். தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.

மனோரஞ்சிதத்தின் மாஸ்ரர்,
சபாரத்தினம்