கால் தண்ணி

மச்சான்,

இன்று காலை ஃப்ரீசரைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்தேன். நீ ஒட்டிய வெள்ளை டேப் ஓரத்தில் சுருண்டுவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. "கால் தண்ணி. குடிக்காதீங்க." துண்டைச் சுற்றித் தரையில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து இடது குதிகாலுக்கு அடியில் உருட்டினேன். சமையற்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு நெஜமாவே திரும்பி வந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

எனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த மறுநாள், விடியலில் ஷூ போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றவன் நீ. பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி, சிதம்பரத்தில் பைகள் விற்கும் கடை போட்டு, கடை திறக்கும் முன் தினமும் ஓடுகிறவன். சர்க்கரையால் என் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வருஷம் அது. அதனால் நீ அதிகம் பேசவில்லை. "வா மச்சான், நடப்போம்" என்றாய்.

தேரோடும் நான்கு வீதிகளில் மூன்று சுற்று. அங்கேதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். கோயிலைச் சுற்றித்தானே நடக்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டால் உடற்பயிற்சியும் ஆயிற்று, வலம் வந்த புண்ணியமும் ஆயிற்று என்று நினைத்தேன். ரோட்டில் வெறுங்காலோடு நான், பக்கத்தில் ஷூவோடு நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பைக்கில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனபோதும், மணல் மெத்தென்றுதானே இருக்கிறது என்று வெறுங்காலோடு ஓடினேன். இரண்டு மாதம் கால் பொறுத்துக்கொண்டது.

ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி இறங்கியது மாதிரி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கும் பாதத்தில்தான் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நான்காம் நாள் கீழ வீதியில் நீ நின்றுவிட்டாய்.

"எவ்ளோ நாளா மச்சான் நொண்டுற?"

"எனக்கு நடையே வேணாம்டா. காலு போச்சுன்னா யாரு வந்து குடுப்பா?" என்று கத்தினேன்.

நீ கோபப்படவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உன் குதிகாலை அமுக்கிக் காட்டினாய். "இந்த எடம்தானே? வெளிநாட்டுல இருந்தப்ப ஒரு வருஷம் பட்டேன். இப்ப எனக்கும் திரும்பி வந்துடுச்சு. வா, ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனாய். அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. அப்பாவுக்கு வந்தது இது இல்லை, பாதத்துக்கு அடியில் இருக்கும் தசைநார் புண்ணாகியிருக்கிறது, வெறுங்காலோடு நடக்காதீர்கள், கொஞ்ச நாள் ஓடவேண்டாம் என்றார். வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரெண்டு டீ சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ என்னை விடவேயில்லை. கட்டிலை விட்டு இறங்கும் முன் பாதத்தில் துண்டை மாட்டி இழுக்க வேண்டும். உன் கடைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் ஒரே படியில் சுவரைப் பார்த்து நின்று செய்வோம். பை வாங்க வந்தவர்கள் இது என்ன வேண்டுதலோ என்று பார்த்தார்கள். நடை ஒரே சுற்றுதான், அதுவும் ஷூவோடு. கோயில் வீதியில் ஷூவா என்று நான் தயங்கியபோது, "கும்புடுறப்ப கழட்டு மச்சான். நடக்குறப்ப போட்டுக்க" என்றாய். கீழ கோபுர வாசலில் நான் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டு வரும்வரை, என் ஷூவுக்குக் காவலாக நின்றாய். என் சாமியையும் நீ விட்டுக்கொடுக்கவில்லை, என் காலையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனசு எத்தனை பேருக்கு இருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நீயும் நொண்டினாய். ஒரு நாள் வலது காலை இழுத்தாய், மறுநாள் இடது காலை.

"என்னடா, வலி காலு மாறுமா?" என்றேன்.

"ரெண்டுலயும் இருக்கு மச்சான். ஷிப்டு போட்டு வருது."

நான் நம்பினேன். ஐஸ் பாட்டிலை உன் வீட்டு ஃப்ரீசரிலிருந்து கடைக்குக் கொண்டுவருவாய், ஆளுக்குக் கொஞ்ச நேரம் உருட்டுவோம். அந்த ரமலானில் நோன்பு திறக்க என்னையும் கூப்பிட்டிருந்தாய். எனக்கென்று சீனி சேர்க்காமல் கலந்த நன்னாரி சர்பத்தில் நான் இரண்டாவது டம்ளரைக் குடித்து முடித்த பிறகுதான் காதோரம் சொன்னாய், உன் மனைவி தெரியாமல் அந்த பாட்டிலின் தண்ணீரைத்தான் கலந்திருக்கிறார் என்று. "இனிமே வயித்துல குதிகால் வலி வராது மச்சான்" என்றாய். டேப் ஒட்டியது அன்றைக்குத்தான். மூன்று மாதத்தில் எனக்கு வலி விட்டது. அதே வாரம் உனக்கும் விட்டது.

போன ஐப்பசி மழையில் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் மனைவி வெளி ஆண்களைப் பார்க்காமல் துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடிந்த பிறகு வீட்டுக்குப் போனேன். அவர் அந்த பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார்.

"இது உங்களோடதுதாண்ணே."

"ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்ததும்மா" என்றேன்.

"அவுங்களுக்கு அப்ப காலு நல்லாத்தான் இருந்துச்சு. வெளிநாட்டுல வந்ததோட சரி. கடைய அடைச்சிட்டுத் தெனம் தனியா ஓடிட்டு வருவாங்க. 'அவன் பயந்து போயிருக்கான், தனியா நொண்ட விட்டா நடையவே விட்டுருவான், சொல்லிடாத'ன்னாங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மச்சான். எனக்கு வெட்கமாக இல்லை. மூன்று மாதம் ஒருவன் தன் ஓட்டத்தை ஒளித்துவைத்துவிட்டு, எனக்காக ஒரு வலியைச் சுமந்து நடித்திருக்கிறான். உன்னை மாதிரி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

இந்த மாதம் என் மனைவியும் நடக்க வருகிறாள். அவளுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. பத்தாவது நாளே குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பார்த்தார், அதே வலிதான். நேற்று, "நாளையிலேருந்து நான் வரல. நீங்க போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன், உன் வார்த்தைதான் வந்தது. "எனக்கும் திரும்பி வந்துடுச்சு. வா, ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

பாட்டிலை உருட்டி முடித்து, வாசல்படியில் இருவரும் சுவரைப் பார்த்து நின்று குதிகாலை இறக்கி ஏற்றினோம். பிறகு ஒரே சுற்று, மெதுவாக. அவள் வந்தாள், மச்சான்.

என் கால் நன்றாகத்தான் இருக்கிறது, நீ மீட்டுக் கொடுத்த கால். அதை வைத்துக்கொண்டு கீழ வீதியில் நொண்டிக்கொண்டிருக்கிறேன். உன்னை மாதிரி கால் மாற்றி நொண்டி அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இடது ஷூ கயிற்றில் மட்டும் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.