செவ்வாய்க்கிழமை ரொட்டி

அடுப்படியில் ரப்பர் கருகிய வாடை இன்னும் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை உன் ரொட்டி மிஷின் மாவைப் பாதி பிசைந்துவிட்டு நின்றுபோனது. மூடியைத் திறந்தால் மாவு ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் குழைந்தும் கிடந்தது. நாம் சேர்ந்து படித்த கான்வென்ட்டில், தையல் வகுப்பில் நீ தைத்த கைக்குட்டைதான் நினைவுக்கு வந்தது. அதையும் நீ பாதியோடுதான் விட்டாய்.

அன்று அந்தோனியாருக்கு ரொட்டி போகாமல் இல்லை. கடையில் பன் வாங்கிக்கொண்டு போனேன். கடை ரொட்டி நேர்ச்சை ஆகாது என்பாய். தெரியும். வெறுங்கையோடு கோவிலுக்குள் நுழையக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் மகள் குவைத்திலிருந்து இந்த மிஷினைக் கொண்டுவந்தபோது, அருள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான்கு பேர் கடலுக்குப் போன படகில் மூன்று பேர் கரை சேர்ந்தார்கள். உன் மகன் மட்டும் வரவில்லை. அவன் வரும்வரை செவ்வாய்தோறும் உன் கையால் ரொட்டி செய்து கோவிலில் வைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாய். தோசைக் கல்லில் போட்டுக் கருக்கிக்கொண்டிருந்தவளுக்கு மிஷின் வந்தது.

"மிஷின் செய்தால் அது கையால் செய்ததாகுமா?" என்று கேட்டேன்.

"மாவு அளக்குறது என் கைதான மதர்?" என்றாய். பள்ளியில் கன்னியர்களைவிட நான் கண்டிப்பு என்று நீ வைத்த பெயர். எழுபது தாண்டியும் விடவில்லை.

ரொட்டியை ஒன்பது துண்டாக வெட்டுவாய். எட்டு, கூடைக்கு. ஒன்று, தகர டப்பாவுக்கு. அது அருளின் பங்கு. மறுநாள் காலை வரை அவன் வராவிட்டால், காய்ந்துபோன அந்தத் துண்டைக் கட்டங்காப்பியில் நனைத்து நீயே தின்பாய். ஒரு புதன்கிழமைகூட அது வேறு மாதிரி முடியவில்லை.

அவன் வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றும் இல்லை. என் வீட்டுக்காரரை நான் மண்ணில் வைத்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் அந்த நிம்மதி வேண்டும் என்று நினைத்துத்தான் ஒரு கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஒன்று கூடுதலாக வாங்கினேன். சிலுவையடியில், யாரும் கவனிக்காத மூலையில், அருள் பெயரைச் சொல்லிக் கொளுத்தினேன். நீ கவனித்துவிட்டாய். குனிந்து, இரண்டு விரலால் திரியை நசுக்கி அணைத்தாய்.

"உயிரோட இருக்கிறவனுக்கு எவடி மெழுகுதிரி கொளுத்துவா?"

அதன்பின் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டி, "சீனி ஒரு கரண்டி குடு" என்று நின்றாய். உன் வீட்டில் சீனி இருந்தது. இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். நிரப்பிக் கொடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், நீ கண்ணை மூடுவதற்கு முந்தின வாரத்தில், மிஷினை நான்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாய்.

"நான் நம்பலையேடி."

"நீ நம்ப வேணாம். மாவை மட்டும் சரியா அள. அது ஒனக்கு வரும்."

போன வியாழக்கிழமை மிஷினைத் துணிப்பையில் வைத்து, மடியில் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். மிக்சி ரிப்பேர் பார்க்கும் பாய் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். பெல்ட் அறுந்திருந்தது. பாத்திரத்தின் பூச்சும் உரிந்திருந்தது.

"இதுக்குச் சாமான் இங்கன கிடைக்காதும்மா. இந்த மாடலே இப்ப வாரதில்ல. புதுசு வாங்கிருங்க."

"ஓட வைக்க முடியுமா, முடியாதா?"

"தையல் மிஷின் பெல்ட்ட வெட்டி மாட்டிப் பாக்கலாம். ஆறு மாசம் ஓடும். நாளைக்கே அறுந்தாலும் என்னையக் கேக்கக் கூடாது."

கடை வாசலில் நின்று உன் மகளுக்கு போன் செய்தேன். "புதுசே அனுப்புறேன் பெரியம்மா, நாலு நாள்ல வந்துரும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இல்ல, நிறுத்திருங்களேன். அம்மாவே போயாச்சு. அண்ணன் வரமாட்டான்னு ஒங்களுக்கும் தெரியும்ல?"

அவளை அதட்ட வாயெடுத்தேன். நான் நினைப்பதைத்தானே அவள் சொல்கிறாள்? போனை வைத்துவிட்டேன்.

பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். புது மிஷின் பத்து வருடம் ஓடும். நான் ஓட மாட்டேன். ஒருவன் வருவான் என்று எண்ணுகிறவள்தான் புதிது வாங்க வேண்டும். நான் வாங்கினால் அது பொய். நிறுத்தவும் என்னால் ஆகாது. நிறுத்துகிற நாளில் அருள் செத்துப்போவான், அன்று போல் அந்தத் திரியை மறுபடி நானே கொளுத்தியதாகும். அந்தப் பழி என் கைக்கு வேண்டாம். என்றைக்காவது அறுந்து நின்றால், பழி பெல்ட்டுக்குப் போகட்டும்.

"மாட்டுங்க பாய்" என்றேன்.

இன்று மறுபடி செவ்வாய். மிஷின் முனகிக்கொண்டே பிசைந்தது. ரொட்டி ஒரு பக்கம் அமுங்கி, பாத்திரத்தோடு ஒட்டிப் பிய்ந்து வந்தது. முன்பென்றால் இப்படியொன்றை மேசையில் வைக்க விட்டிருக்க மாட்டேன். எட்டுத் துண்டைக் கோவிலில் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாளில் உன் கல்லறைக்கு ஒரே ஒரு மெழுகுதிரிதான் கொண்டுபோகிறேன். கூடுதலாக ஒன்று வாங்குவதில்லை.

தகர டப்பா என் பக்கத்தில் இருக்கிறது. நாளைக் காலையும் அவன் வரமாட்டான். மூன்று வருடமாக அவன் பங்கை நான்தான் தின்கிறேன். காய்ந்த ரொட்டி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.