ஜன்னல் கண்ணாடியைக் கழற்றியது பற்றி

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே விரல் பத்தும் தோள் இரண்டும் முழங்கால் இரண்டும் குறையில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். கோல்கீப்பரைப் பெற்றவன் இப்படித்தான் உறுப்பு உறுப்பாக நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கோச் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார் என்று கேட்டதும் அம்மாவுக்குக் கோபம். எனக்கு மட்டும் ஒரு வகையில் நிம்மதி, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். ஜெர்சி மூட்டையோடு நாளை விமானம் ஏறும் கால்பந்து சங்கத்து அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், முதலில் அப்பா கடிதத்தைப் படித்துவிடுகிறேன் என்று சொல்லிவிடு.

வீட்டில் இப்போது உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. உன் அக்காவும் மாப்பிள்ளையும் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் கணக்கை ஆரம்பிப்பார். நாம் டிரா செய்தால் போதும், ஒரு கோலில் தோற்றால் நம் பிரிவின் இன்னொரு ஆட்டம் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும், இரண்டு கோலில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். எப்படி ஆரம்பித்தோம், எங்கே வந்து நிற்கிறோம் பார். முதல் இரண்டு ஆட்டத்தில் ஜெயித்தபோது தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. அப்புறம் ஒன்றுக்கும் ஆகாத அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றோம், கோச்சை மாற்றினார்கள், முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று பேச்சு வந்தது, போன ஆட்டத்தில், இத்தனை வருஷம் கோலில் நின்ற நெட்டையனுக்குத் தோள் நழுவியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் டிவியில் உன் முகத்தைக் காட்டினார்கள். தெருவில் எல்லாரும் ஐயோ நெட்டையன் போச்சே என்று தலையில் கை வைத்தார்கள். நானும் அம்மாவும் ஐயோ நம் பையன் இறங்குகிறானே என்று தலையில் கை வைத்தோம். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருஷங்கள்தான் எங்களுக்குப் பொற்காலம் தம்பி. கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது நீ எதையாவது மென்றுகொண்டிருப்பாய், பிள்ளை சாப்பிடுகிறான் என்று அம்மா சந்தோஷப்படுவாள். அதோடு எங்கள் ஆட்டம் முடிந்துவிடும்.

என் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லியதில்லை. போன தடவை தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் நெட்டையன் காலுக்கிடையில் பந்து புகுந்ததே, மறுநாள் காலையில் அவன் அம்மா நம் கடைக்கு வந்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று சொன்னார்கள். எந்த ஜன்னலுக்கு என்று கேட்டேன். எல்லாத்துக்கும், ராத்திரி கும்பல் வந்து கல்லெறிந்துவிட்டது என்றார்கள். நாடு தோற்ற மறுநாள் எனக்கு வேலை வருவது வழக்கம்தான், பேருந்து நிறுத்தம், கடை முகப்பு என்று எத்தனையோ மாட்டியிருக்கிறேன், மனசில் ஒன்றும் ஒட்டியதில்லை. அங்கே போனபோது அவன் குழந்தையின் தொட்டிலில் கண்ணாடித்தூள் கிடந்தது. குழந்தை அந்த நேரம் பாட்டி மடியில் இருந்ததால் தப்பித்தது. துணியில் இறங்கிய தூள் உதறினால் போகாது. ஈரப் பஞ்சை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இன்னும் மினுக்கியது, கடைசியில் அந்த மெத்தையைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். நெட்டையனோ விமான நிலையத்திலிருந்து நேரே வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வர வெட்கமாக இருக்கிறது என்று சொன்னானாம். அவன் திரும்பி வந்தபோது குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது, அவனைப் பார்த்ததும் யாரோ என்று பாட்டி பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடைசி ஆட்டத்தில் நீதான் நிற்கப்போகிறாய் என்று பேப்பரில் வந்ததும் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டிப் பசையைச் சுரண்டி, சட்ட ஆணியைப் பிடுங்கி, முன் அறை, உன் அறை, மாடிப்படி ஜன்னல் என்று எல்லாக் கண்ணாடியையும் இறக்கிப் போர்வையில் சுற்றி, சுவரோரமாக நிற்க வைத்தேன். ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தேன். புயல் வருகிறது என்றால் முன்னாலேயே அடைக்க மாட்டோமா, அப்படித்தான் எனக்குப் பட்டது. பட்டப்பகலில், தெருவைப் பார்க்க ஏணி போட்டு, சுத்தியல் சத்தத்தோடு செய்தேன். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டாள்தனம் அங்கேதான்.

எதிர் சலூன்காரர் பாதி முகத்துக்குச் சோப்பு போட்ட வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தாராம். கண்ணாடிக்காரனே கழற்றிவிட்டான், அதுவும் கோல்கீப்பரைப் பெற்ற கண்ணாடிக்காரன், அப்படியென்றால் உள்ளே ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. உனக்கும் தோளில் வலி என்று ஒருவர், கோச்சுக்கும் உனக்கும் ஆகாது என்று இன்னொருவர், இதெல்லாம் நானே சொல்லக் கேட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மருந்துக்கடைக்காரர் வந்து தன் கடைக்கும் பலகை அடித்துத் தரச் சொன்னார். அவரைப் பார்த்து செருப்புக்கடை, அதைப் பார்த்து புத்தகக்கடை. நான் மாட்டேன் என்றால் மரக்கடையில் வாங்கி அவர்களே அடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நடப்பதற்கு முன்னாலேயே தெரு தோற்றுப் போய் உட்கார்ந்திருந்தது தம்பி. பேப்பரில் நம் வீட்டைப் படம் பிடித்துப் போட்டு, தந்தைக்கே நம்பிக்கை இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள். உன் கையில் போன் இல்லாததற்கு நான் ஏன் நிம்மதிப்பட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அம்மா அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு துணி மடித்தாள், விளக்கைப் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். அக்கா சமாதானம் பேச வந்தாள். எல்லாம் பாதுகாப்புக்குத்தானே அம்மா, தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா பயப்படுகிறார் என்றாள். அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். "தோத்துட்டு வர்ற புள்ளைக்கு இந்த இருட்டு வீட்டையா காட்டப்போறீங்க?" என்று கேட்டாள். ஜெயித்தால், தோற்றால் என்று எவ்வளவோ கணக்குப் போட்ட எனக்கு, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது வீடு எப்படித் தெரியும் என்று தோன்றவே இல்லை.

இன்று காலையில் எல்லாக் கண்ணாடியையும் திரும்ப மாட்டிவிட்டேன். மாடிப்படிக் கண்ணாடி மட்டும் கழற்றும்போதே கீறல் விட்டிருந்தது, அதற்குப் புதிது வெட்டினேன். சலூன்காரர் வந்து பார்த்துவிட்டு, என்ன, செய்தி ஏதாவது வந்ததா என்று கேட்டார். ஒரு செய்தியும் இல்லை, வெளிச்சம் வேண்டும் என்றேன். மருந்துக்கடைக்காரர் பலகையை எடுத்துவிட்டார். மற்றவர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கும் வாயில்லை. ஆட்டத்தன்று நெட்டையனின் அம்மா நம் வீட்டில் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அக்காவின் குழந்தையைப் பின் அறையில் தூங்க வைக்கச் சொல்லிவிட்டேன். அதில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

உன்னிடம் பூசி மெழுக வேண்டாம். தெருவைக் கண்டுதான் பயந்தேன், உன்னைக் கண்டு இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது முழு உண்மை இல்லை என்று தெரிகிறது. நீ விட்டுவிடுவாயோ என்றும் பயம்தான். உயரப் பந்துக்கு நீ ஒரு நொடி யோசிப்பாய், எனக்குத் தெரியும், எதிரணிக்காரர்கள் உயரப் பந்தாகவே போடுவார்கள் என்று மாப்பிள்ளை வேறு சொல்லிவிட்டார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் நம்பிக்கை இல்லாமல் கழற்றினேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. நம்புகிறவனுக்கும் பயம் இருக்கும் தம்பி, பெற்றவனுக்கு அது இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்.

இடது முழங்கைக் கட்டை அவிழ்த்துவிட்டு இறங்காதே, மழை பெய்தால் கையுறையை மாற்றிக்கொள், யார் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. நன்றாக இரு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இரு, எடுத்த காரியம் கைகூடட்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வாதம் செய்கிறோம். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. முடிவு எதுவானாலும் விமான நிலையத்திலிருந்து வேறு எங்கும் போகாமல் நேரே வீட்டுக்கு வா. ஊரில் எத்தனை கண்ணாடி உடைந்தாலும் அப்பா மாட்டிவிடுவேன். நீ வராமல் இருந்துவிட்டால் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா